ஏழில் ஒரு மேடு

1

2025, பிப்ரவரி 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் 11 மணி 20 நிமிடம். மாரண்டஹள்ளியில் 28 டிகிரி வெயில், காற்று இல்லை, மேகம் இரண்டு. அதே நேரத்தில் ஜெர்மனியில் நான் குடியிருக்கும் ஊரில் காலை 6.50, மைனஸ் 4 டிகிரி, பனித்தூறல். அந்த ஊருக்கு வெளியே உள்ள ஆராய்ச்சி அணு உலைக் கூடத்தில், ஓர் உருளைக்குள், நான் வளர்த்த பதினான்கு படிகங்கள் மைனஸ் 271 டிகிரியில் இருந்தன. என் தம்பி மாதேஷின் தக்காளி மண்டியில், கவிழ்த்துப் போட்ட பெட்டியின்மேல் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, இந்த மூன்று வெப்பநிலைகளையும் பற்றி ஒரே சமயத்தில் நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

நாற்பத்தொரு வருடம் வெளிநாட்டில் கழித்தவன் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதினால் பனியைப் பற்றியும் ரசத்துக்கு ஏங்கியதைப் பற்றியும் எழுத வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பனி வழுக்கும். ரசப்பொடி அங்கே நான்கு கடைகளில் கிடைக்கிறது. அந்தக் கடன் தீர்ந்தது. நான் எழுத வந்தது ஒரு மேட்டைப் பற்றி. வரைபடத்தில் ஏழு என்ற எண்ணுக்கு மேலே நிற்கும் மேடு. இருபத்திரண்டு வருடமாக அது என்னுடையது. அது நிஜமாகவே இருக்கிறதா என்பது அந்த வாரம் தெரிந்துவிடும் என்றிருந்தது.

அந்த வாரத்தில் நான் ஜெர்மனியில் இருந்திருக்க வேண்டும். ஆனால் கூட்டுப் பட்டாவில் பெயர் பிரிக்க வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. அலுவலகத்துக்கு ஏழு முறை போனேன். ஆறு முறை வியாழக்கிழமை வரச் சொன்னார்கள். ஏழாவது முறை போனது வியாழக்கிழமைதான். அன்று அடுத்த வியாழன் என்றார்கள். நான் இங்கே பிறந்தவன் என்பதற்கு இங்கே சான்று கேட்கிறார்கள். நான் இன்னும் சாகவில்லை என்பதற்கு ஜெர்மன் ஓய்வூதிய அலுவலகம் வருடாவருடம் சான்று கேட்கிறது. இரண்டையும் ஒரே மனிதன் ஒரே கவரில் வைத்துக்கொண்டு அலைகிறான். அந்த மனிதனுக்கு எழுபத்தொரு வயது.

2

ஏழில் உள்ள மேடு என்னவென்று சொல்லாமல் மேலே போக முடியாது. சுருக்கமாகச் சொல்கிறேன். மாதேஷுக்கு ஒன்பது நிமிடத்தில் புரிந்தது.

சீரியம் என்ற தனிமம் கலந்த சில உலோகங்கள் உண்டு. அவற்றில் ஒவ்வொரு சீரியம் அணுவிடமும் ஓர் எலெக்ட்ரான் வீட்டோடு இருக்கும். மற்றவை வெளியே கூட்டமாக ஓடி மின்சாரத்தைக் கடத்தும். குளிரவைத்துக்கொண்டே போனால் வீட்டில் இருப்பதும் வெளியே ஓடுவதும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. ஓடும் எலெக்ட்ரான் நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு எடை கூடியதுபோல் நகர்கிறது. மாரண்டஹள்ளிப் பேருந்து நிலையத்திலிருந்து மண்டிக்கு 640 தப்படி. ஜெர்மனியில் அந்தத் தூரத்துக்கு எனக்கு ஆறு நிமிடம். இங்கே நாற்பத்தைந்து. பதினோரு பேர் நிறுத்தி, எப்போது வந்தீர்கள் என்று கேட்கிறார்கள். அவர்களில் ஒன்பது பேர் அதே மூச்சில் எப்போது போகிறீர்கள் என்றும் கேட்கிறார்கள். என் எடை அதே 68 கிலோதான். இதற்கு மேல் கன எலெக்ட்ரான் உலோகத்தை விளக்கச் சமன்பாடு வேண்டும்.

வீட்டோடு இருக்கும் அந்த எலெக்ட்ரானும் விருப்பப்படி உட்கார முடியாது. சுற்றியுள்ள அணுக்களின் மின்புலம் அதை நெருக்குகிறது. இந்த நெருக்கடிக்குப் படிகப் புலம் என்று பெயர். அது மூன்று இருக்கைகளை மட்டுமே அனுமதிக்கிறது. கீழ் இருக்கையிலிருந்து அடுத்ததற்குத் தாவ ஒரு குறிப்பிட்ட அளவு ஆற்றல் தேவை. நியூட்ரான்களைப் படிகத்தின்மேல் எறிந்தால், சில நியூட்ரான்கள் அந்த அளவைக் கொடுத்துவிட்டு, அவ்வளவு இளைத்து வெளியே வரும். வெளியே வருவதை எண்ணுவது என் தொழில். எண்ணிக்கையை வரைந்தால் அந்த அளவில் மேடு தெரியும்.

இனி கடைசி விஷயம். இந்த உலோகங்களின் கலவையைக் கொஞ்சம் மாற்றினால், காந்தமாக ஒழுங்குபடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்க முடியாமல் நிற்கும் ஒரு நிலை வரும். வெப்பம் அநேகமாக அற்றுப்போன இடத்திலும் அங்கே அமைதி கிடையாது. குவாண்டம் தத்தளிப்பு மட்டும் மிஞ்சும். அதைக் குவாண்டம் மாறுநிலை என்கிறோம். அந்த இடத்தில் வீட்டு எலெக்ட்ரான் இன்னும் வீட்டில்தான் இருக்கிறதா, கூட்டத்தில் கரைந்து போய்விட்டதா என்று இரண்டு கட்சிகள் சண்டை போடுகின்றன. நான் வீட்டில் இருக்கிறது என்ற கட்சி. 2003இல் சரியாக அந்த மாறுநிலையில் ஏழு அலகில் ஒரு தெளிவான மேட்டை அளந்து காட்டினேன். மேடு இருந்தால் இருக்கை இருக்கிறது. இருக்கை இருந்தால் உட்கார ஆள் இருக்கிறது. ஊரை விட்டு வந்தவன் இந்தக் கட்சியில் சேர்ந்ததற்கு யாரும் மனோதத்துவக் காரணம் கண்டுபிடிக்க வேண்டாம். இங்கிரிட் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டாள்.

3

இங்கிரிட் என் பழைய மாணவி. இப்போது அந்த ஆய்வுக்கூடத்தில் என் அறையும் என் நாற்காலியும் அவளுடையவை. ஓய்வு பெற்ற எனக்கு விருந்தாளி அட்டை கொடுத்து, வருடத்துக்கு ஒருமுறை புதுப்பித்துத் தருகிறாள். என்னைப் பெயர் சொல்லி ஒருமையில்தான் அழைப்பாள். அங்கே அது மரியாதைக் குறைவு இல்லை. முதல் ஆறு வருடம் எனக்கு அப்படித்தான் இருந்தது.

புதிய கருவியில் என் பழைய படிகங்களை, அன்று ஒட்டிய தட்டோடு அப்படியே மறுபடி அளக்க ஐந்து நாள் ஒதுக்கியிருந்தார்கள். இருபத்திரண்டு வருடச் சண்டையை முடிக்க ஐந்து நாள். இங்கிரிட் அங்கிருந்து கருவியை ஓட்டுவாள், எண்ணிக்கை இணையம் வழியாக என் திரைக்கு வரும் என்பது ஏற்பாடு. தம்பி வீட்டில் சிக்னல் ஒரு கோடு. மண்டியில் மூன்று கோடு. ஆகவே மண்டி.

"ண்ணா, காலைலருந்து அந்தப் பொட்டியவே மொறச்சிக்கிட்டு இருக்கீங்க. என்னாதான் எண்றீங்க?" என்றான் மாதேஷ்.

"நியூட்ரான்."

"கிலோ என்னா வெல போவுதுங்க?"

"எடைக்கு விக்கறதில்லடா. பத்து நிமிசத்துக்கு எத்தினி வருதுன்னு எண்ணணும்."

"எத்தினி வந்துது?"

"நானூத்திப் பன்னண்டு."

அவன் தலையை ஆட்டினான். "பரவால்லிங்களே. நமக்கு அந்நேரத்துக்கு முப்பது பொட்டிதான் ஏறுச்சு." பிறகு, உதவியாக இருக்கட்டும் என்று, லாரியில் எத்தனை ஏறியிருக்கிறது என்று என்னையே எண்ணச் சொன்னான். எழுபத்து நான்கு என்றேன். நாற்பத்தேழுதான் ஏறியிருந்தது. ஜெர்மன்காரர்கள் நாற்பத்தேழை ஏழும் நாற்பதும் என்று சொல்வார்கள். நாற்பத்தொரு வருடத்தில் என் தலைக்குள் எண்கள் முன்பின்னாகத் திரும்பிக்கொண்டுவிட்டன. அதன் பிறகு அவன் என்னிடம் எதையும் எண்ணக் கொடுக்கவில்லை. இதே தலையை நம்பித்தான் உலக விஞ்ஞானம் இருபத்திரண்டு வருடம் இருந்தது.

நானூற்றுப் பன்னிரண்டு என்பது ஏழில் வந்த எண்ணிக்கை. இருபுறமும் இருநூறுதான். ஆக மேடு அங்கேயே நின்றது. எனக்கு ஒரு டீ சொன்னேன். டீ வருவதற்குள் இங்கிரிட் அழைத்தாள்.

"மேடு இருக்கிறது, வாழ்த்து. ஒன்று கேட்க வேண்டும். நேற்று மாதிரியைப் பொருத்தும்போது பார்த்தேன். படிகங்களுக்கு அடியில் ஏதோ ரோஜா நிறத்தில் இருக்கிறதே, அது என்ன?"

டீக்கடைக்காரர் வந்து கிளாஸை நீட்டினார். பெட்டியின்மேல் வைக்கச் சொன்னேன்.

"ஏதோ வார்னிஷாக இருக்கும்" என்றேன்.

"ஹைட்ரஜன் இல்லாத வார்னிஷ்தானே?"

இந்தக் கேள்வியின் கொடுமை உங்களுக்குப் புரிய வேண்டும். நியூட்ரானைச் சகட்டுமேனிக்குச் சிதறடிப்பதில் ஹைட்ரஜனை மிஞ்சிய அணு இல்லை. ஒரு சொட்டு சாதாரணப் பசையில் இருக்கும் ஹைட்ரஜன் போதும், இல்லாத மேட்டைக் காட்ட. ஆகவே படிகங்களை அலுமினியத் தட்டில் ஒட்ட ஹைட்ரஜனே இல்லாத தனிப் பசை ஒன்று உண்டு. அந்த ஆய்வுக்கூடத்தின் சுவரில், வேறு எதையும் கொண்டு ஒட்டுகிறவர்கள் வெளியேற்றப்படுவார்கள் என்று ஓர் அறிவிப்பு மாட்டியிருக்கிறது. அதை எழுதி, சட்டம் போட்டு, ஆணி அடித்தவன் நான்.

"அதைக் கழுவிவிட்டுச் சரியான பசையில் மறுபடி ஒட்டி அளக்கலாமா?" என்றாள் இங்கிரிட். "உருளையைச் சூடாக்கி, எடுத்து, திருப்பிக் குளிரவைக்கப் பதினெட்டு மணி நேரம் போகும். கட்டுரை உன்னுடையது. நீ வேண்டாமென்றால் இப்படியே தொடர்கிறேன். உன் ஊர் மதியத்துக்குள் சொல்."

4

அது வார்னிஷ் இல்லை. நெயில் பாலிஷ்.

2003 நவம்பர். என் மகள் கௌரிக்குப் பன்னிரண்டு வயது. ஒரு சனிக்கிழமை காலை பத்து விரல்களிலும் நிறம் பூசிக்கொண்டு சாப்பிட வந்தாள். நான் அந்தப் புட்டியைப் பிடுங்கினேன். இந்த வயதில் இது தேவையா என்பது முதல் ஒழுக்கம் வரை சுமார் நாற்பது நிமிடம் பேசினேன். ஜெர்மனியில் நம் பண்பாட்டைக் காப்பாற்றும் பொறுப்பு என் ஒருவனிடம்தான் ஒப்படைக்கப்பட்டிருந்தது. குப்பையில் போட்டுவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். போடவில்லை. கோட்டுப் பையில் இருந்தது. பாதிக்கு மேல் மீதமுள்ள பொருளைக் குப்பையில் போட என்னால் முடியாது.

மறுநாள் ஞாயிறு அணு உலையில் என் முறை. தனிப் பசைப் புட்டியைத் திறந்தால் காய்ந்து கல்லாகக் கிடந்தது. புதிது வாங்க மூன்று பிரதிகளில் படிவம், இரண்டு கையெழுத்து, திங்கட்கிழமை. திங்கட்கிழமை என் முறை முடிந்துவிடும். கையைக் கோட்டுப் பைக்குள் விட்டேன். பதினான்கு படிகங்கள், பதினான்கு சொட்டு. எவ்வளவு ஹைட்ரஜன் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். எல்லாவற்றையும் எண்ணுகிறவன் எண்ணாமல் நினைத்துக்கொண்டது அது ஒன்றுதான்.

படிகம் இல்லாமல் வெறும் தட்டையும் அளந்து கழிக்க வேண்டும் என்பது விதி. அளந்தேன், கழித்தேன். சுத்தமான தட்டு அது. அதில் பாலிஷ் இல்லை.

கட்டுரை வெளிவந்தது. பிறகு மூன்று குழுக்கள் தங்கள் படிகங்களில் ஏழில் மேட்டைக் காணோம் என்று எழுதின. மூவருக்கும் பதில் எழுதினேன். உங்கள் படிகங்கள் தரமற்றவை என்றேன்.

5

கழுவ வேண்டாம் என்று சொல்ல எனக்கு நல்ல காரணங்கள் நான்கு இருந்தன. பதினெட்டு மணி நேரம் வீண். மறுபடி ஒட்டும்போது படிகம் உடையலாம். கருவி இடையில் பழுதாகலாம். நான்காவதை எழுத மாட்டேன். மணி பன்னிரண்டைத் தாண்டியது. நான்கையும் வரிசைப்படுத்தி, இங்கிரிட்டிடம் சொல்லத் தயாராக இருந்தபோது மண்டியில் சத்தம் கேட்டது.

ஓசூர்ப் பக்கத்திலிருந்து வாரம் மூன்று நாள் வரும் வியாபாரி ரத்னம்மா, மாதேஷின் பெட்டிகளுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"மேல இருக்கறதையே காட்டாதீங்கண்ணா. அந்த மூணாவது வரிசையில அடிப்பொட்டிய கொட்டுங்க, நோடோணா, பாத்துடலாம்."

எங்கள் மண்டியில் இது வழக்கம். வாங்குகிறவர் கையைக் காட்டும் பெட்டியைச் சாக்கின்மேல் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கவிழ்க்க மாட்டேன் என்கிறவரிடம் அன்று யாரும் வாங்க மாட்டார்கள். மாதேஷ் பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தான். மேல் இரண்டு அடுக்கு, படம் பிடித்து மாட்டலாம் போன்ற தக்காளி. அதற்குக் கீழே வெடித்தது, நசுங்கியது, ஈரம் கசிந்தது.

"எறக்கறப்ப அடி பட்டிருக்குங்க்கா" என்றான் மாதேஷ்.

"எறக்கறப்ப கீழ இருக்கறது மட்டுந்தான் அடி படுமா? மேல இருக்கறதெல்லாம் ஒங்க மச்சானா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாதேஷும் சிரித்தான். "செரி வுடுங்க்கா, பொட்டிக்கு நாப்பது கொறச்சிக்கிறேன். மொகத்த மட்டும் அப்பிடி வெக்காதீங்க, பயமா இருக்குது." ரத்னம்மா அறுபது என்றார். ஐம்பதில் முடிந்தது. மொத்தம் நான்கு நிமிடம். யாரும் யாருக்கும் பதில் கட்டுரை எழுதவில்லை. அவன் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டான். ரத்னம்மா அவன் தட்டிலிருந்தே ஒரு பஜ்ஜியை எடுத்துத் தின்றார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. என்னைவிட ஒன்பது வயது இளையவன், பத்தாவதில் இரண்டு முறை தேறாதவன், நான்கு நிமிடத்தில் செய்துவிட்ட காரியத்தைச் செய்ய எனக்கு நான்கு காரணங்கள் தடையாக இருந்தன.

"என்னாங்ண்ணா அப்பிடிப் பாக்கறீங்க? மேல நல்லது வெக்காத யாவாரி எந்த ஊர்ல இருக்கான்?" என்றான்.

"ஜெர்மனியிலயும் இல்லடா" என்றேன். 12 மணி 31 நிமிடத்துக்கு இங்கிரிட்டை அழைத்து, கழுவு என்றேன். அது நெயில் பாலிஷ் என்பதையும் சொன்னேன்.

"நீயா?" என்றாள்.

6

வெள்ளிக்கிழமை பிப்ரவரி 14. இங்கே காலை 10.05, வெயில் 26 டிகிரி. புதுப் பசையில் ஒட்டிய படிகங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு புள்ளியாகத் திரையில் விழுந்தது. ஐந்தில் 203. ஆறில் 209. ஏழில் 214. எட்டில் 211.

ஏழை மறுபடி அளக்கச் சொன்னேன். 208. இன்னொரு முறை என்றேன். 212. நான்காவது முறை கேட்க வாயைத் திறந்தபோது இங்கிரிட் மெதுவாக, "போதும்" என்றாள். "ஒன்றுமே இல்லை என்று சொல்ல முடியாது. நான்கிலிருந்து பன்னிரண்டு வரை லேசாக உயர்ந்து, பரவலாக ஏதோ இருக்கிறது. அது படிகத்திலிருந்து வருவதாகவே தோன்றுகிறது. ஆனால் மேடு இல்லை. எலெக்ட்ரான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டும்படி எதுவும் இல்லை."

முழுக்கப் போகவும் இல்லை, இருக்கிற இடத்தைச் சொல்லவும் முடியாது. நாற்பத்தொரு வருடமாக எனக்குத் தெரிந்த நிலைதான். அதற்கு அணு உலை தேவைப்பட்டிருக்காது.

மாதேஷ் என் முகத்தைப் பார்த்துவிட்டு வந்து பக்கத்துப் பெட்டியில் உட்கார்ந்தான்.

"என்னாச்சுங்ண்ணா?"

"மேடு போச்சுடா."

"போனா போவுதுங்க. அதுல என்னா வெள்ளாமையா வெச்சிருந்தீங்க?"

"இருவத்திரண்டு வருசமா அதுல மட்டுந்தான் வெச்சிருந்தேன்."

அவன் ஒரு தக்காளியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தான். பிறகு, "அப்ப இத்தினி நாளு வெளஞ்சது?" என்றான்.

"நெயில் பாலிஷ்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். மரியாதைக்காக எழுந்து லாரிக்குப் பின்னால் போய்ச் சிரித்தான். மண்டி முழுக்கக் கேட்டது.

கட்டுரையைத் திரும்பப் பெறும் கடிதத்தை அன்றே எழுதினேன். ஹைட்ரஜன் எங்கிருந்து வந்தது என்று குறிப்பிட வேண்டும். 'முதல் ஆசிரியர் தன் மகளிடமிருந்து அனுமதியின்றி எடுத்த நெயில் பாலிஷ்' என்று எழுதினேன். 'பொருத்தமற்ற பசை' என்றாலே போதும், இவ்வளவு விவரம் எந்த இதழிலும் போட மாட்டார்கள் என்றாள் இங்கிரிட். போட்டால் போடட்டும், இல்லாவிட்டால் அவர்களே வெட்டட்டும் என்றேன். வெட்டும் வேலையையும் நானே செய்துகொடுக்க முடியாது.

7

கௌரி ஹாம்பர்க்கில் இருக்கிறாள். அவளுக்கு முப்பத்து நான்கு வயது. நாங்கள் ஜெர்மன் மொழியில் பேசிக்கொள்கிறோம். மிச்சம் இருக்கும் ஒரே தமிழ் வார்த்தை 'அப்பா'. மாதத்துக்கு இரண்டு அழைப்பு, சராசரி ஐந்து நிமிடம். கடைசியாக நேரில் பார்த்தது என் மனைவியின் மூன்றாம் நினைவு நாளில். அதற்கு அடுத்த மூன்று நினைவு நாட்களுக்கு அவளால் வர முடியவில்லை. கைபேசியில் உயர்த்திய கட்டைவிரல் படம் அனுப்பினாள்.

கடிதத்தில் அவளைப் பற்றி ஒரு வரி இருப்பதால் கேட்டுக்கொள்வது முறை என்று அழைத்தேன். 2003இல் உன்னிடம் ஒரு ரோஜா நிற நெயில் பாலிஷ் இருந்தது நினைவிருக்கிறதா என்றேன்.

"ரோஜா நிறம் இல்லை, பவள நிறம்" என்றாள் உடனே. "என் முதல் புட்டி. பக்கத்து வீட்டுப் பூனைக்குப் பத்து நாள் சாப்பாடு வைத்துச் சம்பாதித்த காசு. நீ குப்பையில் போட்டாய்."

"போடவில்லை."

"பின்னே?"

"ஒரு கட்டுரை எழுதினேன்."

முழுவதையும் சொன்னேன். காய்ந்த பசை, பதினான்கு சொட்டு, தரமற்ற படிகங்கள் என்று நான் திட்டிய மூன்று குழுக்கள், கழுவியது, 214. அவள் சிரிக்க ஆரம்பித்தாள். பத்தொன்பது விநாடி சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடைசியாகக் கேட்டு எவ்வளவு காலம் என்று கணக்குப் பார்த்தேன்; வரவில்லை.

"நான் அன்றைக்கு முழுவதும் குப்பைத் தொட்டியில் தேடினேன் அப்பா" என்றாள். "தெருமுனைத் தொட்டி வரைக்கும். அதற்கப்புறம் உன்னிடம் எதையும் காட்டுவதை விட்டுவிட்டேன்."

நான் எதையும் எண்ணாமல் இருந்தேன்.

"சரி, திருப்பிக் கொடு" என்றாள். "பவள நிறம். ரோஜா கொண்டு வந்தால் வாங்க மாட்டேன்."

மாரண்டஹள்ளி ஃபேன்சி ஸ்டோரில் பதினேழு நிறம் இருந்தது. கடைக்காரப் பெண் ஒவ்வொன்றாகத் தன் நகத்திலேயே பூசிக் காட்டினார். "யாருக்குங்கய்யா?" என்றார். இணை ஆசிரியருக்கு என்றேன். ஒன்பதாவது நிறம் பவளம்.

தபால் நிலையத்தில் தீப்பற்றும் பொருளை விமானத்தில் அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பற்றாது என்று எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "எழுதிக் குடுத்தாலும் பத்திக்குங்கய்யா" என்றார் அங்கிருந்த அம்மா. "அவ்ளோ அவசரம்னா நீங்களே கொண்டுபோய்க் குடுங்க."

நாற்பத்தொரு வருடத்தில் ஓர் அலுவலகம் எனக்குச் சொன்ன பயனுள்ள ஒரே யோசனை இதுதான். பட்டா அடுத்த வியாழனுக்குக் காத்திருக்கட்டும். ஜெர்மனியில் இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் நேரே வடக்கே போகும் ரயிலில் ஓர் இருக்கை பதிவு செய்தேன். ஜன்னலோரம்.

எந்த யூரோவையும் ரூபாயாக மாற்றிப் பார்த்து வருத்தப்படுவது என் வழக்கம். இதை மட்டும் மாற்றவில்லை. நெயில் பாலிஷ் அறுபது ரூபாய். ஹாம்பர்க்குக்கு ஒரு வழி ரயில், எழுபத்தொன்பது யூரோ தொண்ணூறு சென்ட்.